சஹாபில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஜோர்டானுக்கு வந்து, தலைநகர் அம்மானுக்குப் பக்கத்து ஊரான சஹாபில் இத்தனை மாதம் இருந்தும் ஹாஸ்டல், கார்மென்ட்ஸ் கம்பெனி, பக்கத்துக் கடைத்தெரு தவிர எதையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். அம்மானில் பார்க்க என்னதான் இருக்கிறது அக்கா என்றும் கேட்டிருந்தாய். பதிலை எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். உன்னைப் போலத் தையல் வேலைக்கு வந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.

ஜபல் அல்-கலா. பஸ் பிடித்து நகர மையத்தில் இறங்கி, டாக்ஸிக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும். ரோமானிய அரங்கத்துக்கு எதிரே நிற்கும் கோட்டைக் குன்று அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம். இங்கே பழங்காலத்தில் வாழ்ந்த அம்மோனியர்கள் காலத்தில் ரப்பாத் அம்மோன், பிறகு எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி வைத்த பெயரில் ஃபிலடெல்ஃபியா, இன்று அம்மான். மூன்று பெயர்களிலும் இந்த ஊருக்குக் கோட்டை இதே குன்றுதான்.

வருகிறவர்களில் பலர் ஹெர்குலிஸ் கோயில் தூண்களுக்கு முன்னால் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தூண்கள் அழகுதான். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில், கி.பி. 160களில் எழுந்த கோயில் அது. பக்கத்தில் ஒரு பளிங்குக் கையின் விரல்கள் கிடக்கும். முழுச் சிலை 12 மீட்டருக்கு மேல் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பார், ஆனால் அதோடு திரும்பிவிடாதே. குன்றின் மேலேயே 1951இல் கட்டிய சின்ன அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் போ.

நல்ல பொருளெல்லாம் கீழே ராஸ் அல்-ஐன் பகுதியில் 2014இல் திறந்த புது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, மேலே ஒன்றும் இல்லை என்று உனக்குச் சொல்வார்கள். முதல் பாதி ஓரளவு உண்மை. சாக்கடல் சுருள்கள் என்னும் பழங்கால யூதச் சுவடிகள் அங்கேதான் போயின. இரண்டாம் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கற்காலத்தில் தொடங்கி இஸ்லாமிய காலம் வரை பானையும் விளக்கும் கண்ணாடிக் குப்பியும் காலவரிசையில் அங்கே நிற்கின்றன. இந்தக் குன்றிலும் ஜோர்டானின் பிற இடங்களிலும் வாழ்ந்தவர்கள் தண்ணீர் எடுத்த பானை, இருட்டில் ஏற்றிய விளக்கு. பார்த்துவிட்டு வாசலைத் தாண்டினால் அவர்களில் சிலர் நடந்த மண்ணிலேயே நிற்பாய். ராஸ் அல்-ஐனில் எவ்வளவு அழகாக விளக்குப் போட்டுக் காட்டினாலும் இது கிடைக்காது.

உள்ளே மண் சவப்பெட்டிகளை அவசரப்படாமல் பார். அம்மானிலேயே ரகதான் அரண்மனை வளாகத்தில் கிடைத்தவை, இரும்புக் காலத்தவை. ஆள் நீளத்துக்குச் சுட்ட மண்ணால் செய்து, மூடியில் ஒரு முகத்தையும் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகள்தான் ஞாபகம் வந்தன. அவர்களுக்கும் நம்மவர்களுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. இறந்தவரை மண்ணுக்குள் வைக்குமுன் மண்ணாலேயே ஒரு கூடு செய்ய வேண்டும் என்று இரண்டு இடத்திலும் தோன்றியிருக்கிறது. நம்முடையது வயிறு பெருத்த தாழி, இங்கே முகத்தோடு நீண்ட பெட்டி. அந்த முகத்தை வனைந்தவர் இறந்தவரைத் தெரிந்தவராக இருந்திருப்பாரா என்று நான் வெகுநேரம் யோசித்தேன். நீயும் பார்த்துவிட்டுச் சொல்.

வெளியே வந்து வடக்கே நட. உமய்யத் என்னும் அரபு முஸ்லிம் அரச வம்சத்தின் அரண்மனை வரும், எட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது. நுழைவு மண்டபத்தின் மேல் இருக்கும் மரக் குவிமாடம் நம் காலத்தில் வைத்தது. அருகிலேயே வட்டமான பெரிய தண்ணீர்த் தொட்டி, உள்ளே இறங்கப் படிகள், நீர்மட்டம் பார்க்க நடுவில் ஒரு தூண். மழையை மட்டும் நம்பி மலை மேல் வாழ்ந்தவர்களின் கெட்டிக்காரத்தனம் அந்தத் தொட்டியில்தான் எனக்குத் தெரிந்தது, அரண்மனையில் இல்லை. 749இல் வந்த நிலநடுக்கத்தில் அரண்மனை இடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பிழைக்க வந்தவர்கள், இதெல்லாம் டூரிஸ்டுகளுக்கு என்று உன் அறைத் தோழிகள் நினைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. பிந்தைய நூற்றாண்டுகளில் அம்மான் வெகுகாலம் ஏறக்குறைய ஆளில்லாமல்தான் கிடந்தது. 1878இல் காகசஸ் மலைப்பகுதியில் ஊரை இழந்து வந்த சர்காசியர்களை, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட உதுமானியத் துருக்கியர்கள் இங்கே குடியேற்றினார்கள். ரோமானிய அரங்கத்தைச் சுற்றித்தான் அவர்கள் முதலில் தங்கினார்கள். இன்றைய நகரம் அங்கிருந்து வளர்ந்தது. வேறு ஊரிலிருந்து வந்தவர்களின் கையும் உழைப்பும் இல்லாத காலம் இந்த ஊருக்கு இல்லை. தோழிகளிடம் இதைச் சொல்லி அவர்களையும் கூட்டிப் போ.

அப்புறம், அடுத்த லீவில் ராஸ் அல்-ஐனுக்கும் போ. ஐன் கசல் சிலைகளை அங்கே பார்ப்பாய். 1983லும் 1985லும் அம்மான் ஓரத்தில் தோண்டி எடுத்தவை, எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. மண்பாண்டம் செய்யும் பழக்கம் வருவதற்கு முன்பே, நாணல் கட்டுகளின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி மனித உருவம் செய்து, கண்ணுக்கு நிலக்கீலால் கரையிட்டு, கடைசியில் குழி தோண்டிப் பத்திரமாகப் புதைத்திருக்கிறார்கள். சில உருவங்களுக்கு ஒரே உடலில் இரண்டு தலை. 1961இல் கோட்டைக் குன்றில் கிடைத்த அம்மோனிய மொழிக் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. குன்றைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த உடைந்த கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

காலையிலேயே கிளம்பு, மேலே நிழல் குறைவு. தண்ணீர் எடுத்துக்கொள். போய் வந்ததும் எழுது.

அன்புடன்,
அக்கா