வாரம் ஒன்றா, தினம் ஒன்றா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முழங்கால் வலிக்குப் போன இடத்தில் எனக்கு வைட்டமின் டி அளவு 9தான், ரொம்பக் குறைவு என்றார்கள். 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்றாக 8 வாரம். சீட்டில் இருந்த ஆங்கிலக் கிறுக்கல் எனக்குப் புரியவில்லை. மருந்துக்கடைத் தம்பி பிரஷர் மாத்திரையோடு சேர்த்து ‘ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்’ என்று கவரில் எழுதிவிட்டார். மூன்று வாரம் தினமும் விழுங்கினேன்.

தீராத தாகம், குமட்டல், மலச்சிக்கல், ராத்திரியில் ஐந்தாறு தடவை பாத்ரூம். சரி, சர்க்கரை வந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போனதால் ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. இந்த வைட்டமின் உடம்புக் கொழுப்பில் தங்கிவிடுமாம்; மாத்திரையை நிறுத்தியும் தேற இரண்டு மாதம் ஆனது.

கவரில் ‘ஞாயிறு மட்டும்’ என்று தமிழில் எழுதித் தரச் சொல்லி மருந்துக்கடைகளுக்கு ஓர் உத்தரவு போடக் கூடாதா?

- ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், கும்பகோணம்