கொட்டகையைப் பிரிப்பதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கொட்டகை மரத்துக்கு விலை பேச ஆள் வந்துவிட்டுப் போனதாக மாப்பிள்ளை சொன்னார். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால்தான் கடுதாசி. விற்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் நாற்பது வருஷம் உளி பிடித்தவன், பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன கோடையில் அங்கே இருந்த இரண்டு மாசமும் பாதி நாள் அதற்குள்தானே கிடந்தேன். "அமெரிக்கா போய் மாட்டுக் கொட்டகை பார்த்துவிட்டு வந்த மனுஷன்" என்று உன் அம்மா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ 'பேங்க் பார்ன்' என்றதும் கடனுக்கு அடமானம் வைத்த கொட்டகை என்று நினைத்துக்கொண்டேன். மேட்டுச் சரிவில் உட்கார வைத்ததால் அந்தப் பேர் என்பது பிறகுதான் புரிந்தது. மேட்டுப் பக்கமாக வண்டி நேரே மேல்தளத்துக்குள் போய்விடும். கீழே பள்ளத்துப் பக்கம் மாடும் குதிரையும். மேலிருந்து வைக்கோலைத் தள்ளினால் போதும், சுமக்க வேண்டியதில்லை. முன்பக்கம் மேல்தளம் தூணில்லாமல் ஐந்தடி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதன் அடியில் தொழுவத்துக் கதவுகளில் மழை படாது. தெற்கு பார்த்து வைத்திருப்பதால் பனிக்காலத்து வெயிலும் மாட்டுக்குக் கிடைக்கும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த குடியானவர்களின் கைவேலை இது. கல்சுவரில் ஒல்லியாகச் சந்து விட்டிருப்பது துப்பாக்கி நீட்டத்தான் என்று உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார். நம்பாதே. ஈரம் காயாத வைக்கோலை அடைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கும். காற்றுக்காக விட்டது அது.

லான்காஸ்டரில் அந்தக் காலத்துக் குடியேறிகள் கட்டிய ஹான்ஸ் ஹெர் வீட்டுக்குக் கூட்டிப் போனாயே, அதில் வாசலுக்கு மேலே 1719 என்று செதுக்கியிருந்தார்கள். உங்கள் கொட்டகையில் வருஷம் எதுவும் இல்லை, மரத்தைத்தான் படிக்க வேண்டும். பெரிய தூண்களில் கோடாலி வெட்டு தெரிகிறது. தளப் பலகையில் மரம் அறுத்த வாளின் தடம் நேர்க்கோடாக இருக்கிறது. வட்ட வாள் என்றால் தடம் வளைந்திருக்கும். ஆகவே வட்ட வாள் பரவலாக வருவதற்கு முந்தைய வேலை என்பது என் கணக்கு.

இனி முக்கியமான விஷயம். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் இரும்பே கிடையாது. ஒரு மரத்தின் துளையில் இன்னொன்றின் கழுந்தை, அதாவது முனையில் ஒல்லியாகச் செதுக்கிய நாக்கை, இறக்கி ஓக் மர ஆணி அடித்திருக்கிறார்கள். தூணில் ஆணி போகும் ஓட்டைக்கும் கழுந்தின் ஓட்டைக்கும் ஒரு நூல் வித்தியாசம் விட்டிருக்கிறான், ஆணி இறங்க இறங்க இணைப்பை இழுத்துக் கவ்வுகிற மாதிரி. ஒரு ஆணி பாதி வெளியே வந்திருந்தது, அது லேசாக வளைந்திருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எனக்கும் தெரிந்த வித்தைதான் என்றாலும், முன்பின் தெரியாத ஒருவன் கையில் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

இரவில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார். தூணில் மூன்று உளிக்கோடு இருக்கும், அதில் வந்து சேரும் சாய்வுக்கட்டையிலும் அதே மூன்று கோடு. ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகப் பொருத்திச் செதுக்கியதால், எது எதோடு சேரும் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். உளியால் வளைவு போட வராது இல்லையா, அதனால்தான் ரோமன் எண்.

ஆக, பூட்டியது போலவே அதைக் கழற்றவும் முடியும். வருகிறவன் ரம்பத்தோடு வந்தால் கழுந்தெல்லாம் போய், சாப்பாட்டுக் கடைச் சுவருக்குப் பலகையாகத்தான் ஆகும். கூரைக் கைமரம் செஸ்ட்நட் மரமா என்று தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 1904-ல் நியூயார்க்கில் கண்ட பூஞ்சை நோய் பரவி அந்தக் காடுகளையே அழித்துவிட்டது, இனி அப்படி மரம் புதிதாகக் கிடைக்காது. விலை பேச வந்தவர் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். வைத்துக்கொள்வதாக இருந்தால் முதலில் ஒழுகும் தகரத்தை மாற்றுங்கள், வடமேற்கு மூலையில் அடிக்கட்டை உளுத்திருக்கிறது.

நான்கு வரைக்கும் எண் பார்த்துவிட்டேன். நாலுக்கு நாலு கோடு, IV இல்லை. ஐந்தாவது தூண் பழைய வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது, தனியாளாய் நகர்த்த முடியவில்லை. மாப்பிள்ளையை ஒரு கை கொடுக்கச் சொல்லி அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா