ஓவர்லுக் கோபுரத்துக்கு நம் பங்கு

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

அக்டோபரில் ஓவர்லுக் மலை ஏறிய எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். முட்டி வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும்தான். பணம் கேட்கத்தான் எழுதுகிறோம், சுற்றி வளைப்பானேன். உச்சியில் உள்ள தீ கண்காணிப்புக் கோபுரத்தின் பராமரிப்புக்கு 2,000 டாலர், நம் குழுவின் பொதுக் கருவிப் பெட்டிக்கு 1,000 டாலர், ஆக 3,000 டாலர் திரட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் நாம் அதிகம் போன இடம் இதுதான். வுட்ஸ்டாக் ஊருக்கு மேலே, திபெத்திய மடாலயத்துக்கு எதிரே வண்டியை விட்டால் 2.4 மைல் நடை, 1,400 அடி ஏற்றம். பழைய குதிரைவண்டிப் பாதை என்பதால் வழி தவறாது; ஆனால் மூச்சு வாங்க ஒரு சமதளம்கூடக் கிடைக்காது. உச்சிக்குச் சற்று முன்னால் அந்த ஓட்டல் இடிபாடு. 1871-ல் திறந்த மரக்கட்டட ஓட்டல் எரிந்தது. மறுபடி கட்டினார்கள், அதுவும் எரிந்தது. பட்டது போதும் என்று மூன்றாவதைக் கான்கிரீட்டில் தொடங்கினார்கள். அது கட்டி முடிக்கப்படவே இல்லை. இன்று அதன் அறைகளுக்குள் மரங்கள் நிற்கின்றன.

கோபுரத்தின் கதை வேறு. 60 அடி இரும்புக் கோபுரம். 1927-ல் கிங்ஸ்டன் அருகே காலிஸ் ஹில்லில் நிறுத்தியதை 1950-ல் கழற்றி இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். மேலே கண்ணாடி அறையில் ஒரு ஆள் உட்கார்ந்து புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். தெரிந்தால், நடுவில் உள்ள வட்ட வரைபட மேசையில் குறிபார்த்துத் திசையைத் தொலைபேசியில் சொல்வார். இன்னொரு மலைக் கோபுரமும் தன் திசையைச் சொல்லும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தீ. விமானங்கள் வந்தபின் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை. 1988-ல் கோபுரத்தை மூடிவிட்டார்கள். அப்புறம் இந்தப் பகுதி மக்கள் காசு திரட்டி, தன்னார்வலர்களாக வேலையும் பார்த்து, 1999-ல் திறக்க வைத்தார்கள். போன முறை நம் பிள்ளைகளைக் கண்ணாடி அறைக்குள் விட்டு, மேசையைச் சுற்றி நிற்க வைத்து விளக்கிய பெரியவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்தான். வரிசையில் நின்ற நாம் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிடப் போய்விட்டோம்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் தவறாமல் கேட்பது: “டிக்கெட் இல்லையா?” இல்லை. அதனாலேயே அந்தப் படிகளும் கம்பி வலையும் யாரோ பார்த்துக்கொள்வதால்தான் நிற்கின்றன என்பது நமக்கு உறைப்பதில்லை.

மேலிருந்து தெற்கே பளபளக்கிறதே, அது அசோகன் நீர்த்தேக்கம். (அசோகச் சக்கரவர்த்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அது இந்த மண்ணின் பூர்வகுடிப் பெயர்.) நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் காபி போடும் தண்ணீருக்கு அதுவும் ஒரு மூலம். அந்தக் காட்டோடு நமக்குள்ள உறவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை.

இனி கருவிப் பெட்டி. சென்ற நவம்பரில் பாதையின் மேல்பகுதி முழுக்கப் பனிக்கட்டி. சாதாரண ஓட்டக் காலணியோடு வந்த ஒருவர் இறங்கும்போது வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். பனியில் வழுக்காமலிருக்கக் காலணிமேல் மாட்டும் முள் பட்டை, அதாவது மைக்ரோஸ்பைக்ஸ், ஒரு ஜோடி சுமார் எழுபது டாலர். வருடத்துக்கு ஒருமுறை வருபவர் வாங்க யோசிக்கத்தானே செய்வார்? பன்னிரண்டு ஜோடி பொதுவில் இருந்தால் போதும். மீதியில் நெற்றி விளக்குகளும் ஒரு முதலுதவிப் பையும் வாங்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். நனைந்ததைக் காயவைத்துத் திருப்பித் தந்தால் சரி.

இதுவரை குழு உறுப்பினர்கள் ஏழு பேர் சேர்ந்து 640 டாலர் போட்டிருக்கிறோம். குடும்பத்துக்கு 50 டாலர் என்று கணக்கிட்டிருக்கிறோம், கட்டாயம் இல்லை. மாணவர்கள் 5 டாலர் தந்தாலும் ரசீது உண்டு. கோபுரத்துக்கான தொகை முழுவதும் பராமரிப்பைக் கவனிக்கும் தன்னார்வலர்களிடம் காசோலையாகப் போகும்; அதன் நகலும் கருவிகள் வாங்கிய பில்களும் அடுத்த கூட்டத்தில் மேசையில் இருக்கும்.

வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். பழைய மலையேற்றக் கைத்தடிகள் வீட்டில் சும்மா கிடந்தால் அவற்றையும் அங்கேயே கொடுக்கலாம். நுனி ரப்பர் போயிருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலைநடைக் குழுவினர்