ராஜனுக்கு, டியாகோ கார்சியா பற்றி

அன்புள்ள ராஜன்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. பேத்திக்கு உன் அம்மாவின் மூக்கு அப்படியே வாய்த்திருக்கிறது. உன் வீட்டுக்காரி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிட்டேன். அம்மாவைப் போன வாரம் பார்த்தேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக் கூரை வேலை முடிந்தது. கொத்தனார் கணக்கைத் தனியாக அனுப்புகிறேன். தங்கையன் இன்னமும் அந்த மார்த்தாண்டம் பஸ் கதையைத்தான் சொல்லித் திரிகிறான், இப்போது அதில் உனக்குப் பங்கு கூடிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெல்லா கல்யாணப் பந்தியில் நீ ஒன்று சொன்னாய். "இங்கிலீஷ்காரன் நாடு பிடித்தான், பிரெஞ்சுக்காரன் பிடித்தான். அமெரிக்காக்காரன் எந்த நாட்டைப் பிடித்தான், சொல்லு பார்ப்போம்?" நான் வாயைத் திறக்குமுன் பாயசம் வந்துவிட்டது, நீயும் எழுந்து போய்விட்டாய். ஹூஸ்டனில் இத்தனை வருடம் வரி கட்டுகிறவன் இப்படிக் கேட்கலாமா மக்கா? அன்றிலிருந்து இது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. முழுவதும் எழுதினால்தான் தீரும்.

பிடித்தான். 1898இல் ஒரே வருடத்தில் ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் என்று வரிசையாகப் பிடித்தான். 1893இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு வந்தது. ஆலைகள் செய்து குவித்ததை விற்கச் சந்தை வேண்டும், சீனச் சந்தைக்குப் போகிற வழியில் கப்பல்களுக்கு நிலக்கரி நிரப்பத் துறைமுகம் வேண்டும். மஹான் என்ற கடற்படை அதிகாரி 1890இலேயே கடலை ஆள்பவனே உலகை ஆள்வான் என்ற வாதத்தைப் புத்தகமாகப் போட்டிருந்தார். கியூபாவை ஸ்பெயினிடமிருந்து விடுவிக்கிறோம் என்று தொடங்கிய போர் மணிலா வரைக்கும் போனது இப்படித்தான். பிலிப்பைன்ஸ்காரர்கள் ஜூன் 12 அன்று தாங்களே விடுதலையை அறிவித்துவிட்டார்கள். டிசம்பரில் பாரிஸில் ஸ்பெயினும் அமெரிக்காவும் உட்கார்ந்து அதே நாட்டை இரண்டு கோடி டாலருக்குப் பேசி முடித்தன. பிலிப்பைன்ஸ் தூதர் அகோன்சில்யோ பாரிஸ் வரைக்கும் போயும் அவரை உள்ளே விடவில்லை. அடுத்த பிப்ரவரியில் சண்டை மூண்டது. 1902இல் முடிந்துவிட்டது என்று அமெரிக்கா அறிவிப்பதற்குள் போராளிகள் இருபதாயிரம் பேர் மடிந்தார்கள். துப்பாக்கிக்கும் பஞ்சத்துக்கும் காலராவுக்கும் இரண்டு லட்சம் பொதுமக்கள் வரை பலியானார்கள். இது அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் வரலாற்றுப் பக்கத்தில் போட்டிருக்கும் கணக்கு.

இதெல்லாம் பழைய கதை என்பாய். அதனால்தான் நம் கடலுக்கு வருகிறேன்.

டியாகோ கார்சியா என்ற பேரைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் சுறா தேடி அவ்வளவு தூரம் போய், அங்கே பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் பிடிபட்டு, அபராதம் கட்டித் திரும்பும் கதைகள் நம் கரையில் கொஞ்சமா? கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அகன்ற காயலைச் சுற்றி வளைந்த ஒரு மெல்லிய பவளத் திட்டு, மொத்த நிலம் முப்பது சதுர கிலோமீட்டர்கூட வராது. அங்கே இருப்பது அமெரிக்காவின் ராணுவத் தளம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டு போட்ட பெரிய விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. தளம் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் இத்தனை நாளும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1950களின் கடைசியில் ஸ்டூவர்ட் பார்பர் என்பவர் அமெரிக்கக் கடற்படையில் திட்டங்கள் வகுக்கும் வேலையில் இருந்தார். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒவ்வொன்றாக விடுதலை அடைகின்றன, இன்றைக்குத் தளம் வைக்கும் நாடு நாளைக்கு வெளியே போ என்று சொல்லும், ஆகவே ஆள் அதிகம் இல்லாத, எந்தப் புது நாட்டின் கைக்கும் போகாத சின்னத் தீவுகளை இப்போதே வளைத்துப் போட வேண்டும் என்றார். அவர் பயந்தது ஒரு வகையில் நடக்கவும் செய்தது. 1991இல் பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்று வாக்களித்து, அங்கிருந்த அமெரிக்கக் கடற்படையின் சுபிக் விரிகுடாத் தளத்தைக் காலி செய்ய வைத்தது. ஆனால் டியாகோ கார்சியாவில் வாக்களிக்க யாரும் இல்லாதபடி அதற்கு முன்பே பார்த்துக்கொண்டார்கள்.

மொரிஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965இல், பிரிட்டன் அதனிடமிருந்து, டியாகோ கார்சியாவும் சேர்ந்த சாகோஸ் தீவுகளைப் பிரித்துப் புதிதாக ஒரு காலனி ஆக்கியது. அடுத்த வருடம் அமெரிக்காவோடு ஐம்பது வருட ஒப்பந்தம். காகிதத்தில் வாடகை கிடையாது. அதற்குப் பதில், பிரிட்டன் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணையின் விலையில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி. அதை அமெரிக்கக் காங்கிரஸுக்கும் சொல்லவில்லை, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கும் சொல்லவில்லை. பணம் யாருக்கு என்று கேள், தீவில் இருந்தவர்களுக்குச் சல்லிக் காசு இல்லை. இருந்தவர்கள் ஒன்றரை ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் பேர். பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்பு போட ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வம்சம். பின்னால் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அதில் கலந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களை, வந்து போகும் கூலிகள் என்று ஐ.நா.வுக்குக் கணக்குக் காட்டினார்கள்.

வெளியேற்றியதை எப்படிச் செய்தார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதலில், வைத்தியத்துக்கோ சொந்தக்காரரைப் பார்க்கவோ மொரிஷியஸ் போனவர்களைத் திரும்பக் கப்பல் ஏற்றவில்லை. துறைமுகத்தில் நின்று டிக்கெட் கேட்டவர்களிடம், உங்கள் தீவை விற்றாயிற்று, இனிப் போக முடியாது என்றார்கள். அப்புறம் தீவுக்கு அரிசி, பால் பவுடர், மருந்து வருவது குறைந்தது. 1971இல் நாய்கள். வீட்டுக்கு வீடு நாய் வளர்த்த சனங்கள். சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் நாய்களை அடைத்து, வாகனப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். பிள்ளைகள் வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். பிறகு மனிதர்களை ஏற்றினார்கள், ஆளுக்கு ஒரு பெட்டி. பெண்களும் பிள்ளைகளும் பறவை எச்ச உரத்தின் மேல் படுத்துக் கடல் கடந்தார்கள். 1973இல் எல்லாத் தீவும் காலி. மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் சேரிகளில் வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் பலர் நொடிந்தே செத்தார்கள். காசு என்று கொஞ்சம் கைக்கு வந்ததே பல வருடம் கழித்துத்தான்.

ராஜன், எனக்கு ஆறாதது இதுதான். பிலிப்பைன்ஸில் பிடித்த நாட்டில் சனம் எதிர்த்து நின்றது. அப்புறம் வந்த புத்தி, சனமே இல்லாத மண்ணாகப் பார்ப்பது, இருந்தால் இல்லாமல் ஆக்குவது. கவர்னர் வேண்டாம், வரி வசூல் வேண்டாம், கலகத்தை அடக்கப் பட்டாளம் வேண்டாம். உன் கேள்விக்கு நான் கண்ட பதில் அதுதான். வரைபடத்தில் பிரிட்டனின் நிறம், மண்ணில் அமெரிக்காவின் ஓடுபாதை. நாடு பிடித்ததாக யாருக்கும் தெரிவதில்லை. யோசனை சொன்ன பார்பரே தன் கடைசிக் காலத்தில், 1991இல், அந்த மக்களுக்குச் செய்தது அநியாயம், பரிகாரம் செய்ய வேண்டும் என்று கடிதம் எழுதினார்.

இன்னொன்று உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை, உங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் வந்திருக்காது. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் ஒரு மீன்பிடிப் படகில் கனடாவுக்குப் புறப்பட்டு, நடுக்கடலில் படகு பழுதாகி, பிரிட்டிஷ் கப்பலால் மீட்கப்பட்டு இதே டியாகோ கார்சியாவில் இறக்கப்பட்டார்கள். மூன்று வருடம் வேலி போட்ட இடத்தில் கூடாரங்களுக்குள் கிடந்தார்கள், குழந்தைகளோடு. கூடாரத்துக்குள் எலி. பட்டினிப் போராட்டம் இருந்தார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார்கள். அவர்கள் வழக்கை அங்கேயே விசாரிக்க 2024 ஜூலையில் நீதிமன்றம் புறப்பட்டபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அனுமதி மறுத்தது. பிரிட்டிஷ் மண் என்கிறார்கள், பிரிட்டிஷ் நீதிபதியால் போக முடியவில்லை! பிறகு விசாரணை நடந்து, அந்த டிசம்பரில், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. அதற்குச் சற்று முன்தான் பெரும்பாலானவர்களைப் பிரிட்டனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

சாகோஸ்காரர்கள் இன்னமும் போராடுகிறார்கள். ஊர் திரும்பும் உரிமை கேட்டு 2000இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், 2008இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். 2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தத் தீவுகளை மொரிஷியஸிடம் திருப்பித் தரவேண்டும் என்று கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரிஷியஸும் போட்ட ஒப்பந்தத்தில் மற்றத் தீவுகளில் குடியேற வழி இருக்கிறது. டியாகோ கார்சியாவில் கிடையாது, தளத்துக்காக 99 வருடக் குத்தகை. நம் வயதுக்காரர்கள் அங்கே பிறந்தவர்கள் இருக்கிறார்கள் மக்கா. அவர்கள் ஆயுளுக்குள் சொந்த மண்ணில் போய்க் குடியிருக்க முடியாது என்று எழுதி வைத்ததற்குச் சமம் இது.

உனக்கு அங்கே வாக்கு இருக்கிறது, உன் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் போடு என்பதுதான் நான் கேட்பது. உன் மருமகன் வக்கீல்தானே, அவனையும் சேர்த்துக்கொள். நான் சொன்னதில் எதை மறுத்தாலும் வரிசையாக எழுது, பதில் வைத்திருக்கிறேன். ஜனவரியில் வருவதாகச் சொன்னாயே, தேதி முடிவானதும் தங்கையனுக்கும் ஒரு வரி போடு, இல்லாவிட்டால் என்னைப் பிடுங்கி எடுப்பான்.

அன்புடன்,
செல்வராஜ்