இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. குழந்தைகள் தின விழா, விளையாட்டுப் போட்டிகள், கோட்டைக்கும் அருங்காட்சியகத்துக்கும் போய்வந்த சுற்றுலா எல்லாம் சிறப்பாக நடந்தன. கையெழுத்து, பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். மழை நாட்களிலும் வருகை குறையவில்லை. குடிதண்ணீர்க் குழாயும் ஒருவழியாகச் சரியாகிவிட்டது.

அப்புறம், பிள்ளைகளின் டிஜிட்டல் பயிற்சித்தாளை வீட்டில் பெரியவர்களே செய்துவிடுவது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

இந்தப் பருவம் தொடங்கி, 2 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு வாரம் ஒரு பயிற்சித்தாளை கூகுள் ஸ்லைட்ஸில் தயாரித்து அனுப்பி வருகிறோம். கூகுள் கிளாஸ்ரூம் வழியாக ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நகல் வரும். பிள்ளை கை பட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று கேள்வியையும் கட்டங்களையும் பின்னணிப் படமாகப் பதித்துவிடுகிறோம். அதன் மேல் வைத்திருக்கும் படங்களும் எண்களும் மட்டும்தான் நகரும். கலர் பிரின்ட் எடுக்கும் செலவு மிச்சம். ஒருமுறை செய்த தாளை அடுத்த வருடமும் பயன்படுத்தலாம். ஆனால் இதை ஆரம்பித்த காரணம் வேறு.

507 என்ற எண்ணுக்கு மணிகளை இழுத்து வைக்கச் சொன்னால், ஐந்தை நூறிலும் ஏழைப் பத்திலும் போட்டுவிட்டு ஒன்றின் இடத்தைக் காலியாக விடும் பிள்ளைகள் உண்டு. நடுவில் பூஜ்ஜியம் ஏன் நிற்கிறது என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. தாளைத் திறந்ததுமே ஆசிரியைக்கு அது தெரிந்துவிடும். மறுநாள் அந்த நாலைந்து பேரைத் தனியாக உட்கார வைத்து, குச்சிக் கட்டுகளைக் கொண்டு மறுபடி சொல்லித் தருவார். வீட்டில் யாராவது நைசாக அந்த ஏழு மணிகளைச் சரியான இடத்துக்குத் தள்ளிவிட்டால், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். எங்களுக்கு வேண்டியதே அந்தத் தப்பான விடைதான்.

சென்ற மாதம் 4ஆம் வகுப்புக்கு மாவட்ட வரைபடம் கொடுத்தோம். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று ஆறு தாலுகா பெயர்களை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். வந்த தாள்களில் பாதிக்கு மேல் குடியாத்தமும் பேரணாம்பட்டும் இடம் மாறியிருந்தன. சரி, பிள்ளைகள் குழம்பியிருப்பார்கள் என்று பார்த்தால், பேரணாம்பட்டு எல்லாத் தாளிலும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் முந்தின இரவு யாரோ போட்ட விடையின் ஸ்கிரீன்ஷாட்டிலும் அது அப்படியே சாய்ந்துதான் இருந்தது.

வந்தவற்றில் ஒரே ஒரு தாளில் மட்டும் திருவண்ணாமலை என்று ஒரு பெயர் புதிதாகச் சேர்ந்திருந்தது. கேட்டதற்கு, "எங்க காலத்துல அதுவும் வட ஆற்காடுதான்" என்று தாத்தா சொன்னாராம். 1989க்கு முன்பு அது சரிதான், வேலூரும் திருவண்ணாமலையும் அப்போது ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. ஆசிரியை அந்தத் தாளைத்தான் திரையில் போட்டுக் காட்டினார், அன்று பாதி வகுப்பு அதிலேயே போனது. பக்கத்தில் உட்கார்ந்து இப்படிப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், கேள்வியைப் படித்துக் காட்டுங்கள். நாங்கள் வேண்டாம் என்பது அதை அல்ல.

ஷூ கம்பெனி ஷிப்டு முடிந்தோ ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்தோ வீடு வந்து, சமையலையும் பார்த்துவிட்டு இதற்கும் உட்கார வேண்டும் என்றால் அலுப்பாகத்தான் இருக்கும். பிள்ளை தூங்கி வழியும்போது நாமே முடித்துவிடலாம் என்று தோன்றுவது புரிகிறது. ஆனால் தாளின் திருத்த வரலாற்றில் நேரம் பதிவாகிறது. இரவு பத்தே முக்காலுக்கு மொத்தத் தாளும் இரண்டே நிமிடத்தில் முடிந்திருந்தால், அது ஏழு வயதுப் பிள்ளையின் வேலை அல்ல.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பருவம் முதல், பெரியவர்கள் செய்தது என்று தெரியும் தாள் மதிப்பிடப்படாது. பிள்ளை அதைப் பள்ளியிலேயே மறுபடி செய்வார். வகுப்புக் குழுவில் விடையைப் படமாகப் போடுவதை அனுமதிக்க மாட்டோம். மீறிப் போடுபவர் யாராக இருந்தாலும் குழுவிலிருந்து நீக்கப்படுவார். பாதியில் நிற்கும் தாளை அப்படியே அனுப்புங்கள், அதற்காக எந்தப் பிள்ளையையும் திட்ட மாட்டோம்.

பெரியவர்கள் கை வைக்க நேர்ந்ததற்குப் பல வீடுகளில் ஒரு சின்ன விஷயம்தான் காரணம் என்று விசாரித்ததில் தெரிந்தது. முக்கோணக் குறியை அழுத்தி முழுத்திரையில் திறந்தால் படங்கள் நகராது. அது பார்ப்பதற்கான காட்சி மட்டுமே. அதிலிருந்து வெளியே வந்து, திருத்தும் பக்கத்தில் பிள்ளையின் விரலாலேயே படத்தைத் தொட்டு இழுக்கச் சொல்லுங்கள். போனில் ஸ்லைட்ஸ் செயலி இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே போன் வேலைக்குப் போகிறவரிடம் இருந்தால் கவலை வேண்டாம். செவ்வாய், வியாழன் மாலைகளில் பள்ளிக் கணினிகளில் செய்யலாம், ஆசிரியர் ஒருவர் கூட இருப்பார்.

முதல் வாரங்களில் லிங்க் திறக்காமல் தவித்தபோது பொறுமையாக இருந்தீர்கள். பழைய லேப்டாப்பைப் பள்ளிக்குக் கொடுத்த பெற்றோருக்கும், மற்ற வீடுகளுக்குப் போய் செயலியை ஏற்றிக் கொடுத்த அக்கா அண்ணன்களுக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பயிற்சித்தாள் கிடையாது. பள்ளி திறக்கும் அன்று மூன்றாம் பருவப் புத்தகங்கள் தருவோம், பையைக் காலியாகக் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை
வேலூர்