நேர் மேலே அளந்த எண் போதாது: தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்துக்கு ஒரு திறந்த மடல்

தொலைத்தொடர்புக் கருவிகளுக்குச் சான்றளிக்கும் மையத்தின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் வழி இணையம் தருவதற்கு நம் நாட்டில் நிறுவனங்கள் உரிமம் பெற்றுவிட்ட நிலையில், மொட்டைமாடிகளில் அமரவிருக்கும் தட்டையான ஆன்டெனாக்களைப் பற்றி, அவற்றைச் சோதிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: பெட்டியின் மேல் அச்சிடும் திறன், செயற்கைக்கோளானது அந்த ஆன்டெனாப் பலகைக்கு நேர் மேலே நிற்கும்போது அளந்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

டிடிஎச் தட்டை ஒருமுறை திசை பார்த்து ஸ்பேனரால் முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அதன் செயற்கைக்கோள் நம் வானில் நகர்வதில்லை. 550 கிலோமீட்டரில் பறக்கும் தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோளோ சில நிமிடங்களில் கடந்துவிடும். அதைத் துரத்துவதற்காக, ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவிலான இடைவெளியில் பதித்த நூற்றுக்கணக்கான சிற்றான்டெனாக்களில் அலையின் கட்டத்தை, அதாவது அலை ஏறி இறங்கும் தருணத்தை, மாற்றி, பலகை அசையாமலே அலைகள் குவிந்து செல்லும் கற்றையைத் திருப்புவதுதான் ஃபேஸ்டு அரே.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சாய்ந்து பார்த்தால் ஜன்னல் குறுகித் தெரிவதுபோல, கற்றை நேர் மேலிருந்து 60 பாகை சாயும்போது பலகையின் பயனுறு பரப்பு பாதியாகிறது. அந்தக் கோணத்தில் செயற்கைக்கோளும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விடுவதால், மற்றவை மாறாதிருந்தால், கிடைக்கும் சமிக்ஞை நேர் மேலே இருந்ததில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. மழை பெய்தால், இந்த ஆன்டெனாக்கள் பயன்படுத்தும் ‘கு’ (Ku) எனும் அலைவரிசையில் இன்னும் சரியும்.

இது எப்போதோ நேரும் நிலை என்று ஒதுக்கிவிட முடியாது. நிலநடுக்கோட்டுக்கு 53 பாகைச் சாய்வில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அந்த அட்சரேகையை ஒட்டியே நெருங்கிக் கூடுகின்றன. கன்னியாகுமரி இருப்பது 8 பாகையில். ஐரோப்பாவில் தலைக்கு மேல் கிடைக்கும் செயற்கைக்கோளை இங்கே பல வேளைகளில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தேட வேண்டியிருக்கும்.

வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். பலகைக்குள் செல்லும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. கத்திரி வெயிலில் வெறுங்காலால் மிதிக்க முடியாத தளத்தின் மேல்தான் அதைப் பொருத்தப் போகிறோம்.

ஆகவே, 0, 30, 60 பாகைகளில் தனித்தனியே அளந்து, 60 பாகைக்கான எண்ணையும், எந்த வெப்பநிலையில் பலகை இயங்காமல் நின்றுவிடும் என்பதையும், பயன்படுத்தும் வாட் அளவையும் பெட்டியின் மேல் தமிழ் உள்ளிட்ட அந்தந்த மாநில மொழியில் அச்சிடுவதைச் சான்றளிப்பின் நிபந்தனையாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆன்டெனா சோதனைப் பொறியாளர்