நம் பிள்ளைகள் எந்தப் பக்கம்?

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கையின் உடம்பு தேறி வருவதில் எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு அடிக்கடி நின்றுபோகிறது.

வங்கியிலும் கணக்காய்விலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பணக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று வருந்தியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் யார் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறார்களோ, அவர்கள் பக்கம்தான் மனம் போகிறது.

2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டோடு வந்த ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரியை என் அண்ணன் மகள் இன்றும் ஆதரிக்கிறாள். கோலாலம்பூரில் கணக்காளர் அவள். ஏய்க்க முடியாத வரி என்பாள். இங்கே வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் அவள் தம்பியோ, 2018 ஜூனில் அது பூஜ்யமானதும் நிம்மதியடைந்தான். ரசீதுக் கட்டுகளோடு தவித்த மளிகைக்கடைக்காரர்கள் அவனிடம்தானே கடன் கேட்டு வந்தார்கள்!

ஆனால் ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் ஊழியர் சேமநிதி விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. கோவிட் நெருக்கடியில் சேமிப்பை முன்கூட்டியே எடுக்கவிட்டு, 2020 முதல் 2022 வரை நான்கு திட்டங்களில் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனதே, அது இருவருக்கும் ஆறாத கவலை. அந்தச் சமயத்தில் புல்வெட்டு வேலை செய்யும் ஓர் அம்மா, மனு நிரப்பித் தரும்படி கைப்பேசியோடு தம்பியிடம் வந்தார். அவன் மறுக்கவில்லை. எடுத்தால் 55 வயதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அந்த அம்மா வெகுநேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, கேட்ட தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அடுப்பெரிய வேண்டுமே, முழுவதையும் எப்படி விடுவார்? அவர் எடுத்ததும் நியாயம், இவன் எச்சரித்ததும் நியாயம்.

வெள்ளைக்காரன் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த நம் ஊர்க்காரர் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்களின் பத்துப் பத்து வெள்ளியில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். நம் மக்களுக்கு அன்று நிதி அறிவுதான் அரசியல். இன்றைய படித்த பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான். ஓட்டு அவரவர் விருப்பம்.

தைப்பூசத்துக்கு உன் மூத்தவன் வருகிறானாமே? சேமநிதியின் மூன்றாம் கணக்கில் 2024 மே முதல் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்றானதும், விழுகிற காசை அப்படியே எடுப்பவர்கள் இங்கே நிறையப் பேர். கோயில் மண்டபத்தில் ஒரு மாலை உட்கார்ந்து அவர்களுக்கு விளக்கச் சொல். மண்டபத்துக்கு நான் சொல்லி வைக்கிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்